தலைவிதியா, எழுதிய விதியா?

விதி என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, மனிதனால் மாற்ற முடியாதது என்று நம்பப்படும் தலையெழுத்து. மற்றொன்று, மனிதனே வகுத்து, மனிதனே புறனடை கூறித் திருத்திக்கொள்ளும் இலக்கண விதி. மண்சரிவில் ஒரு குடியிருப்புப் புதையுண்ட மறுநாள் மலையகத்தில் நாம் கேட்பதெல்லாம் முதல் விதியைப் பற்றிய பேச்சே. நாம் வேண்டுவதோ இரண்டாவது விதி: எழுதப்பட்ட விதி, வாசிக்கத்தக்க விதி, தவறாயின் திருத்தத்தக்க விதி.

இன்று இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது விதியொன்று பிறந்திருக்கிறது. தரவுகளை உண்டு வளர்ந்த கணினி தன்னுள்ளே தானே ஆக்கிக்கொள்ளும் விதி அது. எந்தச் சரிவு வழுக்கும், எந்த ஊர் வெளியேற வேண்டும் என்று இத்தகைய பொறிகளிடம் கேட்கும் ஆராய்ச்சி உலகெங்கும் பெருகிவிட்டது. பொறி ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண் எவ்வாறு வந்தது என்று வினவினால், ஆயிரக்கணக்கான பெருக்கல்களையும் கூட்டல்களையும் காட்டுகிறார்கள், காரணத்தைக் காட்டுவதில்லை. எழுத்தறிந்தவனுக்கும் விளங்காத எழுத்து தலையெழுத்தன்றி வேறென்ன? பழைய விதியையே மின்சாரத்தில் ஏற்றி எம்மிடம் திருப்பித் தருகிறார்கள்.

மனித உயிரைப் பற்றித் தீர்ப்புக் கூறும் எந்தப் பொறியும் தன் தீர்ப்பின் விதிகளை மக்கள் வாசிக்கக்கூடிய சொற்களில் வெளியிட வேண்டும் என்பதே நமது வாதம். அது நடவாத காரியம் என்று சொல்வோர் உளர். நடக்கக்கூடியது என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே அறிவியல் காட்டிவிட்டது. எவ்வாறு என்பதை அரநாயக்கவை முன்வைத்தே பார்ப்போம்.

*

2016 மே 17ஆம் நாள் மாலை, கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலையின் ஒரு பக்கம் சரிந்து இறங்கியது. சிறிபுர, எலங்கப்பிட்டிய, பல்லேபாகே என்னும் மூன்று கிராமங்களின் மீது சேறும் பாறையும் ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் தூரம் பாய்ந்தன. மாண்டோரும் காணாமற்போனோருமாக 127 பேர் என்று கணக்கிட்டார்கள். அவர்களிற் பெரும்பாலோரின் உடல்கள் இன்றும் அந்த மண்ணினுள்ளேதான் இருக்கின்றன. அதே நாளில் அதே மாவட்டத்துப் புளத்கொஹுபிட்டியவில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பொன்றும் மண்ணுள் போயிற்று. ஒரு பக்கம் சிங்கள விவசாயி, மறுபக்கம் தமிழ்த் தொழிலாளி. மலை இனம் பார்த்து இறங்குவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அந்நாளுக்கு முந்திய எழுபத்திரண்டு மணி நேரத்தில் அரநாயக்கவில் பெய்த மழை ஏறத்தாழ 446 மில்லிமீற்றர். மண்சரிவு எச்சரிக்கைக்குப் பொறுப்பான தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 மில்லிமீற்றர் பெய்தால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தொட்டால் வெளியேற வேண்டும். இந்த அளவுகோலை நாம் ஏளனம் செய்யவில்லை. அதன் சிறப்பு அது யாவர்க்கும் விளங்கும் என்பதே. ஒரு போத்தலும் ஓர் அடிமட்டமும் இருந்தால் பத்து வயதுச் சிறுமியும் அளந்து கூறலாம். அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்களும் உண்டு.

ஆயினும் அதன் குறையையும் கூறத்தான் வேண்டும். 446ஐ மூன்றாற் பகுத்துப் பாருங்கள்: நாளொன்றுக்கு ஏறத்தாழ 149 மில்லிமீற்றர். வெளியேறுக என்னும் கோட்டுக்கு ஒரு மில்லிமீற்றர் கீழே! மழை ஒரு நாளும் சராசரியாகப் பெய்வதில்லை என்பதை நாமும் அறிவோம். அந்த மூன்று நாட்களிலும் கோடு தாண்டப்படவில்லை என்று நாம் கூறவில்லை. நாம் கூறுவது இது: நாளொன்றுக்கு 149 வீதம் மூன்று நாள் பெய்த மழையால் ஊறிய மலையும், ஒரே நாளில் 149 பெய்த மழையால் நனைந்த மலையும் ஒன்றல்ல. ஒரு கோட்டுக்கு இந்த வேறுபாடு தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் மேலே, கீழே என்னும் இரண்டே சொற்கள். 149க்கும் 151க்கும் இடையில் ஒரு மனிதன் வீட்டில் இருப்பதா ஓடுவதா என்பதைத் தீர்மானிக்கும் இயற்கை நியதி எதுவும் இல்லை. கோடு நாம் கீறியது. மழை அதனை மதிக்கக் கடமைப்பட்டதன்று.

*

இந்த இடத்தில்தான் 1965ஆம் ஆண்டின் ஒரு கட்டுரை நமக்கு உதவுகிறது. 1921இல் பாக்கு நகரில் பிறந்து, பின்னர் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பேராசிரியராயிருந்த லொட்பி ஸாடே எழுதியது அது. பழைய கணிதத்தில் ஒரு பொருள் ஒரு தொடையில் உண்டு, அல்லது இல்லை, இரண்டில் ஒன்றே. ஸாடே இடைநிலையை அனுமதித்தார். ஒரு பொருள் ஒரு தொடைக்கு முழுமையாகவும் உரியதாகலாம், பாதியளவிலும் உரியதாகலாம், கால்பங்கும் உரியதாகலாம். ஆங்கிலத்தில் 'பஸி' என்று பெயர் பெற்ற இதனை மங்கல் தொடை என்று நாம் வழங்கலாம். மங்கலானது நமது சிந்தனையன்று, உலகிலுள்ள எல்லைகள். அவை மங்கலானவை என்று ஒப்புக்கொள்வதே இங்கு தெளிவு.

உதாரணத்துக்காக மட்டும் ஓர் எல்லையை வைத்துக்கொள்வோம். 50 மில்லிமீற்றர் மழை 'கனமழை' என்னும் சொல்லுக்குச் சற்றும் உரியதன்று. 100 மில்லிமீற்றர் முழுமையாக உரியது. இடையிலுள்ளவை படிப்படியாக உரியவை. அப்படியானால் 74 மில்லிமீற்றர் மழை 0.48 அளவுக்குக் கனமழை. 76 மில்லிமீற்றர் 0.52 அளவுக்குக் கனமழை. கோட்டின் இருபுறமும் நின்ற இரண்டு வீடுகள் இப்போது அயலவராகிவிட்டன. ஒன்றுக்கு மரணபயம், மற்றதற்கு முழு நிம்மதி என்னும் அபத்தம் ஒழிந்தது.

தமிழ் கற்றவர்களுக்கு இது புதுமையன்று. உறு, தவ, நனி என்னும் உரிச்சொற்கள் மிகுதிப் பொருள் தருவன என்று தொல்காப்பியர் வகுத்தார். நல்லன் என்பதற்கும் நனி நல்லன் என்பதற்கும் இடையே ஓர் அளவு வேறுபாடு உண்டென்பதை நம் மொழி என்றோ உணர்ந்திருந்தது. ஸாடே அதே வேறுபாட்டுக்குக் கணித வடிவம் கொடுத்தார். 'மிக' என்னும் அடை சேர்ந்தால் உரிமையின் அளவை அதே அளவால் ஒருமுறை பெருக்குக என்றார்: ஒரு சரிவு 0.6 அளவுக்குச் செங்குத்தாயின், 0.36 அளவுக்கே அது 'மிகச் செங்குத்து'. தொல்காப்பியத்தில் கணினி இருந்தது என்று மார்தட்டுவதற்காக நாம் இதனைக் கூறவில்லை. அத்தகைய வீண் பெருமை நமது பகை. சாதாரண மனிதனின் சொல் கணிதத்துக்கு ஒவ்வாத குப்பையன்று, அதற்கும் கணிதம் உண்டு என்பதைக் காட்டவே கூறினோம்.

1973இல் ஸாடே மேலும் ஒரு படி சென்றார். சொற்களையே மாறிகளாகக் கொண்டு, 'இப்படியாயின் இப்படி' என்னும் விதிகளால் ஒரு முறைமையை விவரிக்கலாம் என்றார். அடுத்த ஆண்டில் இலண்டன் குயின் மேரி கல்லூரியில் எப்ராகிம் மம்தானியும் அவருடைய மாணவர் அஸிலியனும் ஒரு சிறு நீராவிப் பொறியை அவ்வாறே ஆண்டு காட்டினர். அந்த விதிகள் எங்கிருந்து வந்தன? பொறியை இயக்கும் மனிதனின் அநுபவத்திலிருந்து வந்தன. அமுக்கம் சற்றே கூடினால் வெப்பத்தைச் சற்றே குறைப்பவனின் கையறிவு சொற்களில் எழுதப்பட்டது. 1987இல் ஜப்பானின் செண்டாய் நகரத்துச் சுரங்க இரயில் இத்தகைய விதிகளால் ஓடத் தொடங்கியது. உழைப்பவனின் அறிவு அறிவன்று என்று இனி எந்தக் கல்விமான் கூற முடியும்?

*

இனி வருவது கடினமான கேள்வி. நீராவிப் பொறிக்கு அநுபவசாலி உண்டு. சாமசர மலை இதற்குமுன் எத்தனை முறை சரிந்து யாருக்குப் பழக்கம்? ஆகவே விதிகளைத் தரவுகளிலிருந்தே பெறவேண்டும். அதற்கும் வழி உண்டு. 1992இல் வாங், மெண்டல் என்னும் இருவர் வெளியிட்ட முறை அவற்றுள் எளியது. உயர்தர வகுப்பு மாணவனும் தாளிலும் பென்சிலாலும் செய்து பார்க்கலாம்.

முதலில் சொற்களை வகுத்துக்கொள்க: மழைக்கு இலேசு, நடுத்தரம், கனம், சரிவுக்கு மென்மை, நடுத்தரம், செங்குத்து. மழைக்கு முன் வைத்த எல்லையே இருக்கட்டும். சரிவுக்கு 20 பாகையில் 'செங்குத்து' தொடங்கி 40 பாகையில் நிறைவடைவதாகக் கொள்வோம். ஒரு பதிவேட்டில், 90 மில்லிமீற்றர் மழை, 36 பாகைச் சரிவு, மண் சரிந்தது என்று ஒரு குறிப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த மழை 0.8 அளவுக்குக் கனம். அந்தச் சரிவும் 0.8 அளவுக்குச் செங்குத்து. எனவே அக்குறிப்பு தானாகவே ஒரு வாக்கியமாகிறது: 'மழை கனமாகவும் சரிவு செங்குத்தாகவும் இருப்பின் ஆபத்து மிகுதி.' இரண்டையும் பெருக்க, இவ்விதியின் வலிமை 0.64. இப்படியே ஒவ்வொரு குறிப்பும் ஒரு விதியைத் தரும்.

இந்த முறையில் நம்மைக் கவர்ந்த இன்னொன்று உண்டு. தரவு தந்த விதிகளையும் மனிதர் கூறும் விதிகளையும் ஒரே பட்டியலில் அருகருகே வைப்பதற்காகவே அவ்விருவரும் அதனை வகுத்தனர். சுவரில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாய்க் கசியும் ஊற்று, திடீரெனக் கலங்கும் தண்ணீர் ஆகியவை மண்சரிவின் முன்னறிகுறிகள் என்று நிபுணர்களே துண்டுப்பிரசுரம் அச்சிடுகிறார்கள். பீலிக்கரையில் நாள்தோறும் குடம் நிரப்பும் பெண்ணுக்கு அந்தத் தண்ணீர் என்று கலங்கியது என்பது எந்தக் கருவிக்கும் முன்பே தெரியும். 'ஊற்றுநீர் கலங்கலாகவும் மழை நடுத்தரமாகவும் இருப்பினும் ஆபத்து மிகுதி' என்று அவள் கூறும் விதிக்கு இந்தப் பட்டியலில் ஓர் இடம் உண்டு. விளங்காத பொறியில் அவளுக்கு இடமில்லை. அங்கே சொல்லால் நுழைய வழியே கிடையாது.

இப்போது பதிவேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டுவோம். 85 மில்லிமீற்றர் மழை, 34 பாகைச் சரிவு, மண் சரியவில்லை. இங்கே இரண்டும் 0.7, விதியின் வலிமை 0.49. இதன் முற்பாதி முந்திய விதியின் முற்பாதியேதான்: மழை கனம், சரிவு செங்குத்து. முடிவோ நேர் எதிரானது. இரண்டில் வலிமை கூடியதை வைத்து மற்றதை விலக்குக என்பது வாங், மெண்டல் வகுத்த வழி. 0.64 நிற்கும், 0.49 போகும்.

கணிதம் இங்கே முடிகிறது. நமது வேலை இங்கேதான் தொடங்குகிறது. அந்த இரண்டாவது மலை ஏன் சரியவில்லை? அங்கே கான்கள் துப்புரவாக இருந்தனவா? சரிந்த மலையின் அடிவாரத்தை வீதிக்காகவோ கட்டடத்துக்காகவோ யாரேனும் செங்குத்தாக வெட்டியிருந்தார்களா? ஆட்குறைப்பினால் கான் வெட்டும் வேலை நிறுத்தப்பட்ட தோட்டமா அது? ஒரே மழை, ஒரே சரிவு, வேறு வேறு முடிவு என்றால், நம் பட்டியலில் இல்லாத ஒரு காரணம் எங்கோ ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் அது மனிதர் செய்த காரியம், அல்லது செய்யாமல் விட்ட காரியம்.

விளங்கும் மாதிரியின் உயிர்நிலை இதுவே. முரண்பட்ட இரண்டு வாக்கியங்களை அது எம் கண்முன் வைக்கிறது, நாம் கேள்வி கேட்கிறோம், காரணம் வெளிப்படுகிறது. விளங்காத பொறியோ இரண்டு குறிப்புகளையும் கரைத்து ஒரு நடு எண்ணாக்கிவிடும். 'அபாயம் 0.57' என்று அது கூறும். வெட்டிய வீதியும் தூர்ந்த கானும் அந்த எண்ணுக்குள் புதைந்துபோகும். மண்ணுக்குள் மனிதர் புதைந்தது போதாதென்று எண்ணுக்குள் குற்றவாளியும் புதைக்கப்படுகிறான். இது யாருக்கு வசதி என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

*

'விளங்கும் மாதிரி' என்னும் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டு வரும் போலிகளையும் நாம் அடையாளம் காணவேண்டும். மங்கல் விதிகள் என்ற மாத்திரத்தில் அவை வாசிக்கத்தக்கவை ஆகிவிடா.

ஆபத்து வரைபடம் கீறுவதற்கு நமது கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆறு காரணிகளைக் கொள்கிறது. நூற்றுக்குச் சரிவு 25, பாறையமைப்பு 20, நீரியல் 20, நிலப்பயன்பாடு 15, மண்போர்வை 10, நிலவடிவம் 10 என்று அவற்றுக்கு நிறை கொடுக்கிறது. ஆறு காரணிகளுக்கும் மூன்று மூன்று சொற்கள் என்று வைத்தால், எழக்கூடிய விதிகள் 729. ஐந்து ஐந்து சொற்கள் என்று வைத்தால் 15,625. பதினையாயிரம் வாக்கியங்களைக் கொண்ட ஒரு நூலை அவசர வேளையில் யார் வாசிப்பது? ஒவ்வொரு வாக்கியமும் விளங்கும், நூல் விளங்காது. மனிதன் ஒரே வேளையில் மனத்தில் தாங்கக்கூடியவை ஏழு, சற்றுக் கூடலாம் குறையலாம் என்று உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர் 1956இலேயே எழுதினார். ஆகவே விதிகள் சிலவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு விதியும் இரண்டு மூன்று நிபந்தனைகளுக்கு மேற்படாதிருக்க வேண்டும். இவ்வாறு விதிகளைக் குறைப்பதையும் பிழையைக் குறைப்பதையும் ஒருங்கே நோக்கமாகக் கொண்ட தேடல் முறைகளை ஆய்வாளர்கள் 1990களிலிருந்தே வளர்த்து வருகிறார்கள். வழி இல்லை என்று எவரும் சாக்குக் கூற முடியாது.

இரண்டாவது போலி இதனிலும் நுட்பமானது. பிழையைக் குறைப்பதற்காகச் சொற்களின் எல்லைகளைக் கணினி தானே இழுத்தும் நெருக்கியும் மாற்றிக்கொள்ளும். முடிவில் 'நடுத்தரம்' என்னும் சொல்லும் 'கனம்' என்னும் சொல்லும் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். சில வேளை 'நடுத்தரம்' 'கன'த்துக்கு மேலேயே போய்விடும். வெளியே பார்த்தால் அழகிய தமிழ் வாக்கியம். உள்ளே சொல்லுக்கும் பொருளுக்கும் உறவே இல்லை. தேர்தல் மேடைகளில் நாம் நன்கு பழகிய வித்தை இது. எனவே ஒவ்வொரு சொல்லும் தன் அயற்சொல்லினின்றும் வேறாக நிற்க வேண்டும்; சொற்களின் வரிசை மாறக்கூடாது; எல்லைகள் எண்களில் வெளியிடப்பட வேண்டும் என்பவற்றை நிபந்தனைகளாகக் கொள்ள வேண்டும்.

மங்கலான சொற்கள் அதிகாரிக்கு ஒளிவிடம் ஆகாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. எல்லையை வெளியிடாத சொல் ஒளிவிடமேதான். 'கனமழை பெய்யவில்லை' என்று விசாரணையில் ஓர் அதிகாரி கூறித் தப்பலாம். ஆனால் கனமழை எத்தனை மில்லிமீற்றரில் தொடங்குகிறது என்று முன்கூட்டியே எழுதி ஒட்டப்பட்டிருக்குமானால் அந்த வாசல் அடைபடும். 'கனம்' எங்கே தொடங்குவது என்பது கணிதக் கேள்வி மட்டுமன்று. கல்வீட்டில் வாழ்பவனுக்கு ஓர் இடத்திலும், நூறாண்டு கடந்த லயன் காம்பிராவில் வாழ்பவனுக்கு வேறோர் இடத்திலும் அது தொடங்கலாம். அதனைத் தீர்மானிக்கும் மேசையில் இருவருக்கும் ஆசனம் வேண்டும்.

*

நமக்கு எதிராகக் கூறப்படும் பெரிய வாதம் துல்லியத்தைப் பற்றியது. 'உங்கள் பத்து விதிகளைவிட எங்கள் விளங்காத பொறி நுட்பமானது; உயிரைக் காப்பது முக்கியமா, விளக்கம் முக்கியமா?' என்கிறார்கள். உயிரை முன்னிறுத்திக் கேட்பதால் பலர் வாயடைத்துப் போகிறார்கள். நாம் வாயடைக்கப் போவதில்லை.

முதலாவது, எந்தத் துல்லியம்? ஆயிரம் நாட்களில் இரண்டு நாட்களே மண் சரிந்தது என்று வைத்துக்கொள்வோம். 'சரியாது, சரியாது' என்று நாள்தோறும் கூறும் ஒரு கிளிப்பிள்ளை 99.8 வீதம் துல்லியமானது. அது காப்பாற்றிய உயிர்கள் எத்தனை? ஒன்றுமில்லை. அரிதாக நிகழும் அழிவுகளில் துல்லிய வீதம் என்பது மக்களை ஏய்க்க மிக எளிய எண். எந்த நாளில் தவறியது, ஏன் தவறியது என்பதே கேட்கவேண்டிய கேள்வி; அந்த 'ஏன்' விளங்கும் மாதிரியிடமிருந்தே வரும்.

இரண்டாவது, துல்லியமும் விளக்கமும் ஒன்றையொன்று தின்னும் பகைகள் என்பது நிறுவப்பட்ட உண்மையன்று. மனித வாழ்வைப் பெரிதும் பாதிக்கும் தீர்ப்புகளில், விளங்காத பொறியைச் செய்துவிட்டுப் பின்னர் அதற்கு விளக்கவுரை எழுதுவதைக் கைவிட்டு, முதலிலேயே விளங்கும் மாதிரியை ஆக்குக என்று அமெரிக்கக் கணினியறிஞர் சிந்தியா ருடின் 2019இல் வாதிட்டார். பல துறைகளில் இரண்டுக்குமிடையே துல்லிய வேறுபாடு கருதத்தக்கதன்று என்றும் அவர் எடுத்துக்காட்டினார். விளக்கவுரை மூலமாகாது என்பது தமிழ் படித்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று.

மூன்றாவது, எச்சரிக்கை என்பது எண் அன்று; அது ஒரு மனிதனை நள்ளிரவில், மழையில், குழந்தையோடும் கிழவியோடும் ஆட்டையும் மாட்டையும் விட்டு வெளியேறச் சொல்வது. மும்முறை வெளியேறி மும்முறையும் மலை சரியாதிருந்தால், நான்காம் முறை அவன் ஏன் என்று கேட்பான். கேட்க அவனுக்கு உரிமை உண்டு. 'மூன்று நாள் மழை மிகக் கனம், உன் வீட்டுக்கு மேலே சரிவு செங்குத்து, ஊற்று கலங்கியிருக்கிறது. ஆகவே புறப்படு' என்றால் அவன் புறப்படுவான். 'பொறி சொல்கிறது' என்றால் அவன் தெய்வத்தைக் கும்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வான். இரண்டும் நம்பிக்கைதானே!

*

ஆனால் தோழர்களே, விளக்கம் மட்டும் போதும் என்று நாம் சொல்லவில்லை. இங்கேதான் கணிதத்தை நேசிக்கும் நல்லுள்ளங்கள் நின்றுவிடுகின்றன. நாம் நிற்க முடியாது.

2014 அக்டோபர் 29ஆம் நாள் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வரிசைகள் மண்ணுள் மறைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்பது அன்றுதான் தெரிந்ததா? 2005இலும் 2011இலும் அங்கிருந்து மக்களை அகற்றுமாறு எச்சரிக்கப்பட்டிருந்தது. விதி எழுதப்பட்டிருந்தது, முற்பாதியும் விளங்கியது, பிற்பாதியும் விளங்கியது. வெளியேறுக என்றது விதி. எங்கே வெளியேறுவது? தொழிலாளி வாழும் அறை தோட்டத்தினது. அவன் நிற்கும் மண் தோட்டத்தினது. 1970களில் அரசு அவற்றை எடுத்தது, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போயிற்று, எந்தக் கைமாற்றத்திலும் ஒரு பேர்ச் மண் அவன் பெயருக்கு வரவில்லை. நிலமற்றவனுக்கு 'வெளியேறுக' என்பது பிற்பாதி இல்லாத வாக்கியம்.

தரவுக்கும் ஒரு பக்கச்சார்பு உண்டு. மழைமானி இல்லாத மலையில் மழை பெய்ததாகப் பதிவேடு அறியாது. உயிர்ச்சேதம் இல்லாத சிறு சரிவுகளை, தேயிலை மலையில் தொழிலாளர் நாள்தோறும் கண்டு கடந்துபோகும் சரிவுகளை, யார் பதிந்தார்? பதியப்படாத மலைக்குத் தரவு இல்லை. தரவு இல்லாத மலைக்கு விதி இல்லை. விதி இல்லாத மலைக்கு எச்சரிக்கை இல்லை. விளங்கும் விதிப்பட்டியலில் இந்த வெற்றிடம் கண்ணுக்குத் தெரியும்: 'இந்த நிலைக்கு விதி எதுவும் இல்லை' என்று அது காட்டிக்கொடுத்துவிடும். விளங்காத பொறி தன் அறியாமையையும் ஓர் எண்ணாகவே உரைக்கும்.

மொழியின் கதை வேறு. தமிழும் அரசகரும மொழி என்று 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் கூறுகிறது. 2025 நவம்பர் இறுதியில் திட்வா சூறாவளி மலைநாட்டைச் சிதைத்து, நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோதும், தமிழில் எச்சரிக்கை உரிய வேளையில் வரவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. சொற்களால் ஆன மாதிரி என்றால், யாருடைய சொற்களால் என்று கேட்கவேண்டும். சிங்களத்தில் எழுதிய விதி சிங்களக் கிராமத்தவனுக்கு உரிமை; தமிழில் எழுதிய விதி தோட்டத்தவனுக்கு உரிமை; இருவருக்கும் விளங்காத ஆங்கில எண் இருவருக்கும் அநீதி.

*

ஆகவே நாம் கேட்பவை இவை.

மண்சரிவு பற்றி மக்களின் வரிப்பணத்தில் ஆக்கப்படும் ஒவ்வொரு மாதிரியும் தன் விதிகளையும் சொல்லெல்லைகளையும் இரு மொழிகளிலும் வெளியிட வேண்டும். அவை தோட்டப் பிரட்டுக்களத்திலும் பாடசாலையிலும் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் ஒட்டப்பட வேண்டும். தரவில் முரண்பட்டு விலக்கப்பட்ட விதிகளும் பட்டியலிடப்பட்டு, அவற்றின் காரணம் விசாரிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் மழைமானி வைத்து, அதனை வாசிக்கும் பொறுப்பைத் தொழிலாளரிடமும் மாணவரிடமும் ஒப்படைக்க வேண்டும். 'வெளியேறுக' என்று முடியும் ஒவ்வொரு விதிக்கும் எதிரே, வெளியேறிப் போகவேண்டிய காணியின் பெயர் எழுதப்பட வேண்டும். காணி இல்லையென்றால் அந்த வெற்றிடத்தையும் அச்சிடுங்கள், நாடு பார்க்கட்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே, இதில் நமக்கும் வேலை உண்டு. 2016இன் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. நமது பிரதேசத்துக்கு எந்த விதியால் எச்சரிக்கை விடுக்கப்படுகிறது என்று எழுதிக் கேட்போம். கணித ஆசிரியர் தொடைகளைப் படிப்பிக்கும்போது மங்கல் தொடையையும் ஒரு பாடவேளை படிப்பிக்கலாம். புவியியல் ஆசிரியர் சரிவை அளக்கச் சொல்லலாம். தமிழாசிரியர் 'மழை கனமாயின்' என்னும் நிபந்தனை வாக்கியத்தை மாணவர் வாழும் மலையை வைத்தே எழுதச் செய்யலாம். மூன்று பாடங்களும் சேர்ந்தால் பத்து விதிகள் பிறக்கும். அந்தப் பத்து விதிகளையும் எடுத்துக்கொண்டு மாணவர்கள் பிரதேச செயலகத்துக்குச் செல்லட்டும். உங்கள் பொறியின் விதிகளை எங்கள் விதிகளுக்குப் பக்கத்தில் வையுங்கள் என்று கேட்கட்டும்.

அடுத்த மே மாதத்துப் பருவமழை வருமுன் அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டும்.